இரண்டாவது மாணவர்

தென்கிழக்காசிய மொழிகள் துறை என்ற பலகை பெரியதுதான். அதற்குப் பின்னால் இருந்த அறைதான் சின்னது. ஒரு காலத்தில் தாய், பர்மியம், வியட்நாமியம், மலாய், கெமர் என்று மாடி முழுக்க ஒரே இரைச்சல். ஒவ்வொன்றாக மூட்டை கட்டியதில் கம்போடியாக்காரர்களின் கெமர் மட்டும் மிஞ்சியது. அதற்கும் பல்கலைக்கழகம் இப்போது ஒரு நிபந்தனை வைத்துவிட்டது. இரண்டு மாணவர்களாவது இருந்தால் வகுப்பு நடக்கும், இல்லையென்றால் பூட்டுதான்.

அவள் இருபது வருடமாகக் கெமர் சொல்லிக்கொடுப்பவள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தூங்கும் அளவுக்கு அலுப்பு. மூடினால் மூடட்டும், நிம்மதி என்றுதான் அவளே பல தடவை நினைத்திருக்கிறாள். ஆனால் நிஜமாகவே மூடப்போகிறார்கள் என்றதும் மனசு கேட்கவில்லை. இதை விட்டால் தனக்கென்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

உருப்படியாகச் சேர்ந்தது ஒரே ஒரு பெண். துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை. கம்போடியாவில் கிளை திறக்கப் போகிறார்கள், மொழி தெரிந்தால் அவளைத்தான் அனுப்புவார்களாம். முதல் நாளே முன்னால் வந்து உட்கார்ந்ததால் முன்பெஞ்சு என்றே பெயராகிவிட்டது. அறையில் இருந்ததே இரண்டு பெஞ்சு என்பது வேறு விஷயம்.

இன்னொரு ஆளுக்கு எங்கே போவது? வீட்டில் ஒருவர் நாற்காலியும் பேப்பருமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணவர்.

"என்னங்க, பேரைக் குடுத்துட்டு வந்து உட்காருங்க, போதும். படிக்கவெல்லாம் வேணாம்."

"இந்த வயசுல என்னைப் பெஞ்சுல உட்கார வைக்கிறியா?"

"தலைக்கு மேல ஃபேன் ஓடுது."

ஃபேன் என்றதும் மனிதர் கிளம்பிவிட்டார்.

வந்தவர் வாக்குத் தவறாமல் சும்மாவே இருந்தார். மீன் என்ன விலை, தபால் நிலையம் எங்கே என்று அவள் சொல்லச் சொல்ல, முன்பெஞ்சு கணீரென்று திருப்பிச் சொல்வாள். இவர் வாயை மட்டும் அசைப்பார். உங்கள் பெயர் என்ன என்று கெமரில் கேட்டால்கூட மனைவியின் முகத்தைத்தான் பார்ப்பார். ஒரு மாதத்திலேயே அவள் அவரைத் தண்ணீர் தெளித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் பக்கம் திரும்பிப் பாடம் நடத்துவதையே நிறுத்திவிட்டாள்.

தேர்வுக்கு முந்தின வாரம் துணைப் பதிவாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஆசிரியைக்கும் இரண்டாவது மாணவருக்கும் ஒரே விலாசம் என்பதை எந்தப் புண்ணியவானோ போட்டுக்கொடுத்திருக்கிறான்.

"வீட்டுக்காரர் படிக்கக் கூடாதுன்னு ரூல் எதுவும் இல்லம்மா. ஆனா நிஜமாவே படிக்கணும்ல? சார், எழுந்து சொந்தமா நாலு வார்த்தை பேசுங்க. பேசினா வகுப்பு நடக்கும். இல்லன்னா இன்னையோட சரி." பிறகு முன்பெஞ்சைப் பார்த்தார். "நீ எனக்கு அர்த்தம் சொல்லும்மா. டீச்சர் வாயே திறக்கக் கூடாது."

கணவர் எழுந்தார். இருபது வருடம் இந்த ஒரு மனிதனின் வாயில் வந்து தொங்குகிறதே என்று அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. நான்கு வார்த்தைக்கு எங்கே போவார், பாவம்?

அவர் பேசினார். நிதானமாக, பிசிறில்லாத கெமரில்.

"களைச்சுப் போச்சு. தினம் தினம் இதே பாடு. நான் பேசுறது யார் காதுல விழுது? செத்தாலும் எழுந்து வந்து நான்தான் சமைக்கணும்."

அது எந்தப் பாடத்திலும் இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது அவள் தனக்குத்தானே புலம்பும் புலம்பல். மாமியார் இருந்த காலத்தில் தொடங்கியது. கெமரில் யாரை என்ன சொன்னாலும் அந்த வீட்டில் ஒருவருக்கும் புரியாது, பாடத்தை ஒத்திகை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தத் தைரியத்தில் வயிறெரிந்து திட்டியிருக்கிறாள், அழுதிருக்கிறாள். அந்தப் பூட்டுக்குச் சாவியை, இந்த ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து, அவளே அவர் கையில் கொடுத்திருக்கிறாள். இது அவளுக்கு உறைக்கவே இல்லை! இரண்டு மாதமாக அவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பதைக்கூட, பொழுது போகாத மனிதர் என்றுதான் நினைத்திருந்தாள்.

"என்னம்மா சொல்றார்?" என்றார் துணைப் பதிவாளர்.

முன்பெஞ்சு டீச்சரைப் பார்த்தாள். டீச்சரோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடும்பத்தைப் பத்திப் பேசினார் சார். சமையல், வீட்டு வேலை எல்லாம். தப்பே இல்ல."

"உச்சரிப்பு?"

"அப்படியே டீச்சர் மாதிரி சார்."

துணைப் பதிவாளருக்குப் பரம திருப்தி. அடுத்த வருடமும் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவள் கேட்டாள்.

"தபால் ஆபீஸ் எங்கேன்னு கேட்கத் தெரியாது. இது மட்டும் மண்டையில ஏறிச்சாக்கும்?"

"தபால் ஆபீசை நீ வகுப்புல ஒரு நாள்தான் சொன்னே. இதைத் தினமும் சொல்றியே."

"உங்களைத் திட்டினதும் புரிஞ்சுதா?"

"அதுதான் முதல்ல புரிஞ்சுது."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது அவமானமாக இருந்தது. நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்பதுபோல இருந்தது.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நிறுத்திடுவே. அப்புறம் எங்க போய்க் கொட்டுவே?" அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இன்னைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வகுப்பு போயிடும்னாரு. எனக்குக் கெமர்ல பேச வேற எதுவும் தெரியாது."

வகுப்பு பிழைத்துவிட்டது. ஆனால் இனி அந்தச் சமையலறையில் நின்று தனியாகப் புலம்ப அவளுக்கு ஒரு மொழி இல்லை. இது அவருக்கும் தெரிந்திருந்தது. தப்புச் செய்த பிள்ளையைப்போல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேருந்து வந்து நின்றது. அவர் எழுந்தார். அவள் எழவில்லை.

"என்ன, ஏறலையா?"

"ரொம்பக் களைப்பா இருக்குங்க" என்றாள். அவரிடம் அவள் அதைத் தமிழில் சொன்னதே இல்லை.

அவர் மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தெரியும்" என்றார். "அடுத்த பஸ்ல போவோம்."