அணைந்ததாகச் சொன்ன அடுப்பு

நெப்ராஸ்காவில் எங்கள் பார்மலி குடும்பம் ஆண்டுதோறும் ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றில், ஆலய ஆராதனை முடிந்ததும் பண்ணையில் கூடும். சாப்பாட்டுக்குப் பின் ஒருவர் எழுந்து, லைமன் தாத்தா ஒஹையோவிலிருந்து எருது பூட்டிய கூண்டு வண்டியில் மேற்கே வந்த கதையைச் சொல்ல வேண்டும். "தாத்தா இறங்கிப் பாத்தாரு. இங்க என்ன இருந்துச்சு?" என்று அவர் கேட்டால், பிள்ளைகள் எல்லாரும் "புல்லு! புல்லு மட்டும்தான்!" என்று கத்துவார்கள். 1958இல் கதை சொல்லும் முறை எனக்கு வந்தது. அப்போது எனக்கு அறுபத்தொரு வயது. அந்தக் கதை பொய் என்பது பத்தொன்பது வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

என் தகப்பனார்தான் சொன்னார். காட்டுப் பிளம் புதர் ஓரமாக உழுதுகொண்டிருந்தபோது குதிரைகளை நிறுத்தி, எழுத்தில்லாத ஒரு சிறிய கல்லைக் காட்டினார். "இதச் சுத்திப் போயிடு ஹார்லன். உள்ள ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. லிண்டால்னு ஒரு ஸ்வீடன்காரரோட புள்ள. இது அவரு நிலம்."

அந்தக் காலத்தில் அரசாங்கம் கொடுத்த நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்தால்தான் அது சொந்தமாகும். ஆறு மாதத்துக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் வேறொருவர் மனுப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஒருவர் ஊரில் இல்லாதபோது பக்கத்து நிலத்துக்காரர் தினமும் வந்து அவர் வீட்டு அடுப்பை மூட்டிவிட்டுப் போவார். கூரையில் புகை தெரிந்தால் யாரும் அந்த நிலத்தில் கைவைக்க மாட்டார்கள். குழந்தையைப் புதைத்த பின் லிண்டாலின் மனைவி படுக்கையில் விழுந்தாள். அவளை அயோவாவில் அவள் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது லிண்டால் எங்கள் தாத்தாவிடம் அடுப்பை ஒப்படைத்தார். பனிக்காலம் முழுவதும் தாத்தா ஒரு நாள் தவறாமல் மூட்டினார். போன இடத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார். அந்தக் கறுப்பு மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒருவருக்கு ஒரு நிலம்தான் என்பதால், ஏழாவது மாதம் தன்னுடைய வறண்ட மேட்டு நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, நில அலுவலகத்தில் வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்து, அந்த வீட்டு அடுப்பு இலையுதிர் காலத்திலேயே அணைந்துவிட்டது என்று சத்தியம் செய்தார். நிலம் தாத்தா பேருக்கு வந்தது; திரும்பி வந்த லிண்டால் இன்னும் மேற்கே போய்விட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத. கல்லுல ஏர் படாமப் பாத்துக்க, போதும்" என்றார் தகப்பனார். லிண்டாலுக்கும் முன்னால் அங்கே வேட்டையாடிய பானி என்ற பழங்குடி மக்களைப் பற்றி அவரும் பேசவில்லை. அவர் சொன்னபடி அதுவே போதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

1958இன் அந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், எழுபது வயதுள்ள ஒரு அம்மாள் கையில் பெட்டியோடு நடந்து வந்தார். நெடுஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் வெயிலில் வந்திருந்தார்.

"மன்னிக்கணும், விருந்து நேரத்துல வந்துட்டேன். என் பேரு செல்மா லிண்டால். ஐடஹோலேருந்து வர்றேன். எனக்கு முன்ன பொறந்த அக்காவ இந்தப் பக்கம் எங்கயோதான் புதைச்சாங்க. பிளம் புதர் பக்கத்துலன்னு அம்மா சொல்லுவாங்க. ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு..."

என் அண்ணன் வெர்ன் கோழித் துண்டை மென்றபடியே சிரித்தார். "பிளம் புதரு இங்க வீட்டுக்கு நாலு இருக்கும்மா! ஆனா எங்க தாத்தாவுக்கு முன்ன இங்க ஒரு ஈ காக்கா கெடையாது. நம்பலேன்னா இந்த வாண்டுங்களக் கேளுங்க. என்னடா இருந்துச்சு இங்க?"

"புல்லு! புல்லு மட்டும்தான்!"

அந்த அம்மாளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றார்.

"இல்லம்மா" என்றேன்.

தாத்தாவாவது நிலத்துக்காகப் பொய் சொன்னார். நான் அண்ணனின் கேலிக்குப் பயந்து சொன்னேன்.

என் மனைவி லியோட்டா அவரை உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்தாள். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். "நல்ல தண்ணி. சாகிற வரைக்கும் அம்மா இந்த ஊர்த் தண்ணியப் பத்தித்தான் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

"ஹார்லன், எந்திரிடா! ஏன் பாதிரியாரப் பாத்த திருடனாட்டம் முழிக்கிற? கதைய ஆரம்பி" என்றார் வெர்ன்.

எழுந்தேன். எருதுகளைப் பற்றிச் சொன்னேன். தாத்தா இறங்கிப் பார்த்த இடம் வந்ததும் பிள்ளைகள் வாயைத் திறந்து காத்திருந்தார்கள். என்னால் கேட்க முடியவில்லை. நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி, "அப்ப புல்லு மட்டும் இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்லடா கண்ணு. ஒரு வீடு இருந்துச்சு. அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"வாய மூடுடா!" என்று அண்ணன் கத்தினார். "செத்தவரத் திருடன்னு சொல்றியா? அதுவும் அவரு சோத்தத் தின்னுக்கிட்டு?"

நான் வண்டியை எடுத்தேன். நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த அம்மாள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். இறங்கிப்போய் எதிரில் நின்றேன்.

"பொய் சொல்லிட்டேம்மா. அந்த எடம் எனக்குத் தெரியும்."

"பஸ் வர்ற நேரமாச்சே" என்றார்.

"நாளைக்கி நானே டவுன்ல கொண்டுவந்து விடுறேன். வாங்க."

வழியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லுக்கு முன்னால் நின்றபோது, "இதச் சுத்தி உழுதது யாரு?" என்று கேட்டார்.

"எங்கப்பா. அப்புறம் நான்."

"அப்ப தெரிஞ்சேதான் இருந்திருக்கீங்க."

"ஆமாம்மா."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. கல்லைத் தொடக் குனிந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அப்போது உழவு வரப்பைத் தாண்டி யாரோ மூச்சிரைக்க வரும் சத்தம் கேட்டது. வெர்ன் அண்ணன் ஒரு மடக்கு நாற்காலியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். கல்லின் பக்கத்தில் மண்ணைக் காலால் மிதித்துச் சமமாக்கி, நாற்காலியை விரித்து, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"உக்காருங்கம்மா. பாப்பா பேரு என்ன?"

"பிரீட்டா. பதினோரு மாசம்."

"பிரீட்டா" என்று அவரும் மெல்லச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அப்பா எங்கிட்டயும் சொன்னாருடா" என்றார்.

மன்னிப்புக் கேட்க எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை. அந்த நாற்காலியைக் கர்த்தர் பார்த்திருப்பார் என்று மட்டும் நம்புகிறேன். செல்மா அம்மாள் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். நான் தொப்பியைக் கழற்றக்கூட மறந்து நின்றிருந்தேன். அண்ணன்தான் கையை நீட்டி அதை என் தலையிலிருந்து எடுத்தார்.