மாதம்மாள் திருத்திய கட்டுரை

ஆசிரியர்களுக்கென்று வெளிவந்த மாத இதழில் நீலாவதி டீச்சரின் கட்டுரை அச்சாகியிருந்தது. தலைப்பு, ‘மலைப் பிள்ளைகளின் மௌனம்.’ சந்தவாசலிலிருந்து ஜவ்வாது மலைக்கு வேலைக்கு வந்தபின் அவள் எழுதிய முதல் கட்டுரை. அச்சில் தன் பெயரைப் பார்த்ததும் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. கூட வேலை பார்த்த தேவராஜ் சார் சும்மா இருந்திருக்கலாம். சந்தை நாளில் இதழை ஜமுனாமரத்தூர் டீக்கடைக்குக் கொண்டுபோய், இருந்தவர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டிவிட்டார்.

புளி விற்க வந்திருந்த மாதம்மாளும் அதைக் கேட்டாள். அவள் மகள் பூங்கோதை நீலாவதியின் வகுப்பு. மறுநாள் மணி அடிக்குமுன்பே மாதம்மாள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாள்.

“இன்னா டீச்சர், எங்க புள்ளைங்க வாயே தொறக்காதுன்னு பொஸ்தகத்துல போட்டுட்டீங்களாமே?”

“குறையா எழுதலைங்க. கேள்வி கேட்டா தலைய குனிஞ்சிக்கிதுங்க. அதத்தான் எழுதினேன்.”

“சாயங்காலம் எங்க கொல்லைக்கு வாங்க. காதால கேட்டுட்டு அப்புறம் எழுதுங்க.”

சண்டைக்குக் கூப்பிட்டாளா, விருந்துக்குக் கூப்பிட்டாளா என்று நீலாவதிக்குப் புரியவில்லை. ஆனாலும் போனாள்.

கொல்லை என்றது மலைச்சரிவு நிலத்தை. சாமை கதிர் முற்றியிருந்த சமயம். பூங்கோதை பரண்மேல் நின்று கிளி விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் குரல் கொடுக்க, எதிர்ச் சரிவிலிருந்து பதில் வந்தது. எத்தனை கிளி, யார் கொல்லையில் இறங்கப் போகிறது என்று சேதி இங்கும் அங்கும் பறந்தது. வகுப்பில் சின்னக் கூட்டல் கேட்டாலே விழிக்கிற காசி, “இருவதுல எட்டு போயிடிச்சி, பன்னண்டு உங்க பக்கம் வருது” என்று கத்தினான். நீலாவதி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் மைதானத்தின் இரண்டு கோடியிலும் பிள்ளைகளைப் பிரித்து நிறுத்தினாள். இந்தப் பக்கம் கணக்கைக் கத்த, அந்தப் பக்கம் விடையைக் கத்தியது. தேவராஜ் சார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். தபாலில் போடுமுன் மாதம்மாள் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினாள். சாமை புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“எல்லாம் சரி. ‘கல்வியறிவற்ற பெற்றோர்’னு வருதே, அது இன்னா?”

நீலாவதி தயங்கித் தயங்கி அர்த்தம் சொன்னாள்.

“அது வாணாம். ‘கொல்லை வேலை இருக்கிற பெத்தவங்க’ன்னு போடுங்க.”

அப்படியே திருத்தினாள். கட்டுரையின் கீழே தன் பெயரோடு மாதம்மாளின் பெயரையும் எழுதி அனுப்பினாள்.

கட்டுரை இதழில் அச்சாகி வந்தது. ‘எழுதியவர்கள்: நீலாவதி, மாதம்மாள், ஆசிரியைகள்’ என்று போட்டிருந்தார்கள். பூங்கோதை அதை எழுத்துக்கூட்டி வாசிக்க, மாதம்மாள் மகளை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“டீச்சர்னு போட்டுட்டாங்க. அப்ப நானு ஒருநாள் வகுப்புக்கு வரணுமில்ல?”

“வாங்களேன்” என்றாள் நீலாவதி.

வெள்ளிக்கிழமை வந்தாள். எந்தப் பறவை எப்படிக் கூவும் என்று கூவிக் காட்டச் சொல்லி, பிள்ளைகளை ஒரு மணி நேரம் கத்த வைத்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நீலாவதியும் கூவினாள்.