சம்பந்தி புகழ்ந்த படம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. தேநீர் ஆறிவிட்டால் மாற்றி ஊற்றித் தருகிறேன். ஒரு படத்தின் கதை சொல்லப் போகிறேன். படத்துக்குள் வரும் கதையில்லை, அந்தப் படத்துக்கே நேர்ந்த கதை.

நாரின் என்கிற நம் மலையூரில், மெடெர் என்ற பையன் எடுத்த படம் அது. நடித்தது அவன் அப்பா. குதிரை மேய்த்த மனிதர்; ஒரு வசனத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. ஆனால் பனியில் தன் கிழட்டுக் குதிரையோடு சும்மா நடந்து போனாலே நாம் கையிலிருக்கும் தேநீரை மறந்துவிடுவோம். படத்துக்காக மந்தையில் பாதியை விற்றார்கள்.

"தியேட்டர்ல ரெண்டு வாரம் ஓடினா போதும் பெரியம்மா, அடுத்த படம் எடுத்துருவேன். ஓடலேன்னா மாஸ்கோவுக்குப் போய் செங்கல் தூக்க வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான் என்னிடம்.

படம் வெளிவருமுன்பே அப்பா போய்விட்டார். மெடெரின் அம்மா புருல், என் அடுத்த வீட்டுக்காரி, சாப்பாட்டையே விட்டுவிட்டாள். "அவரு முகத்த ஒரே ஒரு தடவ காட்டுடா" என்று அழுதாள். மனசு கேட்காமல் முழுப் படத்தையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். படம் தொடங்குமுன் கறுப்புத் திரையில் 'அம்மாவுக்கு மட்டும்' என்று எழுத்து வரும். தினமும் அதைப் போட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்குச் சம்பந்தி கனிஷாய் வந்தாள். புருலின் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. அவளுக்கும் படத்தைப் போட்டுக் காட்டினாள் புருல். கனிஷாய் தலைத்துணியே நனைகிறாற்போல அழுதாள்.

"சம்பந்தி, மனுஷன் எந்திரிச்சு வந்து நிக்கிறாரே! என்ன படம், என்ன படம்! எங்க வீட்டுல அத்தன பேரும் பாக்கணும்."

சொல்லிவிட்டாளே! எங்களிடம் சம்பந்தி ஒன்றை வாய்விட்டுப் புகழ்ந்தால் அது அப்போதே அவர்களுடையது. உடுத்தியிருக்கும் மேல்கோட்டானாலும் சரி, குட்டி போட்ட குதிரையானாலும் சரி. கொடுக்காவிட்டால் நம் மகள் அந்த வீட்டில் தலைநிமிர முடியுமா? புருல் பென்டிரைவைக் கழற்றி, ஒரு பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"நீங்க பாத்தா அவருக்கே மரியாத செஞ்ச மாதிரி, சம்பந்தி."

பக்கத்தில் இறைச்சித் தட்டோடு நின்ற நானும், "நல்ல காரியம் பண்ணினடி" என்றேன்.

கனிஷாய் கெட்டவள் இல்லை. தங்கை புகழ்ந்தாள், தங்கைக்குக் கொடுத்தாள். தங்கையின் சம்பந்தி புகழ்ந்தாள். மூன்றே வாரத்தில் சந்தையில் இருந்த போன் கடைகள் எல்லாவற்றிலும் அந்தப் படம்.

தியேட்டரில் முதல் நாள் ஏழு பேர். அதில் புருலும் நானும் சேர்த்தி. தலைநகரிலும் அதே கதைதான். தியேட்டர்காரர் மெடெரின் தோளைத் தட்டினார்.

"தம்பி, உன் படத்தப் பாத்து ஊரே அழுதுருச்சு. என் நாற்காலிங்க மட்டுந்தான் அழல. வெள்ளிக்கிழம வேற படம் போடறேன், கோச்சுக்காத."

தெருவில் இறங்கினால் ரொட்டிக்காரி பிடித்துக்கொண்டாள். "அந்தப் பனியில உங்கப்பா நடந்து போறாரே, ஐயோ! நாலு தடவ பாத்தேன்யா, போன்லயே! அடுத்தது எப்போ எடுக்கற?" என்று கேட்டு, ரொட்டியைச் சும்மா கொடுத்தாள். மெடெர் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான்.

பொய் சொல்வானேன், என் போனிலும் இருந்தது. ஒரு மதியம் நாங்கள் இருவரும் கம்பளி உதறிக்கொண்டிருந்தபோது, ஆசையாகப் புருலிடம் திறந்து காட்டினேன். கறுப்புத் திரை. 'அம்மாவுக்கு மட்டும்.'

புருல் போனை வாங்கினாள். மறுபடி முதலிலிருந்து போட்டாள். "இது என்னோடதுக்கா" என்றாள். அப்புறம் கம்பளியைத் தொடவே இல்லை.

அந்த எழுத்தைச் சந்தையில் பார்த்த அன்றே, படம் அம்மாவிடமிருந்துதான் போனதென்று மெடெருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாஸ்கோவுக்குக் கிளம்பிய காலை, புருல் ரொட்டியை நீட்டினாள். வெளியூர் போகிறவர் ஒரு கடி கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சம் சுவரில் தொங்கும். திரும்பி வந்து அவரேதான் அதைத் தின்ன வேண்டும்.

"நான்தான்டா குடுத்தேன்" என்றாள். "நானேதான் தூக்கிக் குடுத்தேன்."

"சம்பந்தி வாய்விட்டுச் சொன்னப்புறம் இல்லேன்னு சொல்ல முடியுமா? நானா இருந்தாலும் குடுத்திருப்பேம்மா. விடு." ரொட்டியைப் பெரிய கடியாகக் கடித்தான், மேலே பேச வேண்டாமே என்று.

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அவனோடு தங்கியிருக்கும் நம் நாட்டு வேற்றூர் ஆட்கள் வேலை முடிந்து வந்து அதே படத்தைப் போனில் போட்டு அழுகிறார்களாம். எடுத்தவன் யாரென்று அவன் சொல்லவில்லை.

"சொல்லேன்டா" என்றாள் புருல் போனில்.

"சொன்னா கூச்சப்பட்டு நிறுத்திருவாங்கம்மா. அப்பாவப் பாக்கட்டும்."

சுவரில் ரொட்டி கல்லாகிக் கிடக்கிறது, அவன் பல் பதிந்தபடி.

கைகளை விரித்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து போனவர்கள் கடித்து வைத்த ரொட்டியை, கடித்த வாயே வந்து தின்று முடிக்கட்டும். உங்கள் அடுப்பில் சூடும், வாசலில் விருந்தாளியும் குறையாமல் இருக்கட்டும். ஆமீன்.