கிளட்ச் கனமாக இருக்கிறது

1

"மூணாவது தடவை கிளட்ச் மாத்துறீங்க. கழட்டினது புதுசு மாதிரி இருக்குன்னு மெக்கானிக்கே சொல்றார்."

"பெடல் கனமா இருக்கு. மிதிக்கிறவனுக்குத்தானே தெரியும்."

"நேத்து நான்தானே ஓட்டிட்டு வந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்குத் தெரியாது. அதான் சொல்றேன், இதைத் தள்ளிவிட்டுட்டு நாலாவது தலைமுறை வண்டியை எடுத்துடலாம். அதுல கிளட்ச்சே கிடையாது. தொல்லை விட்டுது."

"யாரு, நீங்களா? நாலாவதா? காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?"

கதை பிறந்த இடம் இதுதான். ஒர்க்‌ஷாப்பில் காத்திருப்பவர்களுக்கான அறை. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு கணவனும் மனைவியும். இந்தப் பக்கம் நான். என் வண்டியில் தண்ணீர் பம்ப் ஒழுகியது, அதற்காகப் போயிருந்தேன். நான் ஒட்டுக்கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணவரை, ஒரே ரகக் கார் வைத்திருப்பவர்கள் கூடும் நம் இணைய மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். "நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றைத் தாண்டும்போதுதான் இந்த எஞ்சின் வாயைத் திறக்கும்" என்று ஊருக்கெல்லாம் எழுதி எழுதி அவருக்கு ஏழாயிரம் என்றே பேராகிவிட்டது. கட்டட இன்ஜினியர். மனைவி பல் டாக்டர்.

2

முதல் வரியை எப்படி எழுதுவது என்று நிறைய யோசித்தேன்.

"சிவப்பு நிறக் கார் ஒன்று வளைவில் சீறிக்கொண்டு —"

இல்லை. எல்லாக் கார் கதைகளும் சிவப்பில்தான் ஆரம்பிக்கின்றன. அவருடைய வண்டி சாம்பல் நிறம். அது சீறவும் இல்லை, ஜாக்கி மேல் நின்றுகொண்டிருந்தது.

"மனிதர்களுக்குத் தலைமுறை மாற ஒரு ஆயுளில் பாதி ஆகிறது. வண்டிகளுக்கு ஆறேழு வருடம் போதும்."

இது கட்டுரை மாதிரி இருக்கிறது என்று அடித்துவிட்டேன். ஆனால் மன்றத்துக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு இந்த விவரம் இல்லாமல் கதை புரியாது. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

[எங்கள் வண்டியில் இதுவரை நான்கு தலைமுறைகள் வந்திருக்கின்றன. முதலாவதில் ஸ்டீயரிங்கைத் திருப்ப உடம்பில் வலு வேண்டும், ஏசி பேருக்கு இருக்கும். இரண்டாவதுதான் ஏழாயிரம் வைத்திருப்பது. நல்ல சத்தம், முரட்டுக் கிளட்ச். மூன்றாவதில் டர்போ வந்தது, கிளட்ச் மெத்தென்று ஆனது. அது என்னுடையது, அதனால் மன்றத்தில் எனக்கு மரியாதை கொஞ்சம் கம்மி. நான்காவதில் கிளட்ச் பெடலையே எடுத்துவிட்டார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சுண்டு விசைகளால் கியர் மாற்ற வேண்டும். முதல் மூன்றையும் விட வேகம்.]

நான்காவதை வாங்கியவர்களை வண்டிக்காரர்களாகவே ஏழாயிரம் மதித்ததில்லை. "இடது காலுக்கு வேலை இல்லேன்னா அது லிஃப்ட்" என்று எழுதியவர் அவர். பழைய வண்டியைப் பராமரிப்பது பற்றி அவர் எழுதியவற்றை இன்றும் புதிதாக வருபவர்களுக்குக் காட்டுகிறோம். எஞ்சின் ஆயில் சூடாகும் வரை மிதிக்காதே, ஓட்டி முடித்ததும் உடனே அணைக்காதே, சத்தம் மாறினால் பாட்டை நிறுத்திவிட்டுக் கேள். எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

அப்படிப்பட்டவர் நான்காவதை வாங்குகிறார் என்றால் கதை இல்லாமல் இருக்குமா?

3

முதலில் ஒரு நகைச்சுவைக் கதையாகத்தான் எழுதினேன். வருஷக்கணக்காக ஒரு கட்சியில் இருந்துவிட்டுத் தேர்தலுக்கு முந்தின நாள் துண்டை மாற்றிப் போட்டுக்கொள்பவர் மாதிரி அவரை எழுதினேன். சிரிப்பு வந்தது. வீட்டில் படிக்கக் கொடுத்தேன். என் மனைவிக்கு வண்டிகள் பிடிக்காது, ஆனால் கதையில் ஓட்டை இருந்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

"இந்தாளுக்கு என்னதான் பிரச்சனை?"

"மனசு மாறிட்டார்."

"இந்த வயசுல எந்த ஆம்பளைக்கு மனசு மாறியிருக்கு? நீங்க ஒரு சட்டையை மாத்துங்க பாப்போம். உடம்புல ஏதாவது இருக்கும்."

எனக்கும் அந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் இருந்தது. மனசு மாறியது என்ற காரணம் போதவில்லை. அதனால் உட்கார்ந்து இரண்டு வரி சேர்த்தேன்:

"அவருடைய இடது கால் மரத்துக்கொண்டிருந்தது. பெடல் கனக்கவே இல்லை."

கதை உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. கால் சரியில்லாத ஒருவர், குறை வண்டியில்தான் என்று நம்பிக் கிளட்ச்சை மாற்றிக்கொண்டே இருக்கிறார். பிளேட்டை மாற்றுகிறார், மாஸ்டர் சிலிண்டரை மாற்றுகிறார், கடைசியில் வண்டியையே மாற்றுகிறார். நம் ஆட்கள் செய்யக்கூடியதுதான். டயரில் காற்று பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதவர்கள் நாம். ரத்தம் பரிசோதித்து எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டால் பேச்சை மாற்றுவோம்.

அவர் பேரைப் போடாமல் மன்றத்தில் பதிந்தேன். சிலர் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் என் தண்ணீர் பம்ப் என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

4

ஏழாயிரம் போன் செய்தார்.

"என்ன சார் எழுதி வச்சிருக்கீங்க?"

"கதை சார். கற்பனை."

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது நீங்கதானா?"

"பம்ப் ஒழுகுச்சு சார்."

"அந்தக் காலை எடுத்துடுங்க."

"காலை எடுத்துட்டா கதை நிக்காது சார்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இல்ல, எடுக்க வேணாம். எடுத்தா என் வீட்டுக்காரி இன்னும் சந்தேகப்படுவா. கால் என் கற்பனைன்னு நீங்களே அடுத்த பகுதியில எழுதிடுங்க. எழுத்துல பார்த்தா நம்புவா."

"கால் எப்படி இருக்கு சார்?"

"பெடல் கனமா இருக்கு."

அவரே தொடர்ந்தார்.

"புது வண்டி அடுத்த வாரம் கைக்கு வருது. ஒரு தடவை ஓட்டிட்டு டாக்டர்கிட்ட போறேன். முன்னாடியே போனா ஓட்டாதேன்னுதான் சொல்வாங்க. ஓட்டாதேன்னு சொன்னப்புறம் நான் அந்த மன்றத்துல யாரு சார்? லைக் போட்டுட்டு உட்கார்ந்திருக்கவா?"

[இதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். நல்ல பதில் இல்லை. அதனால் இங்கே எழுதவில்லை.]

5

பம்ப் மாற்றிய வண்டியை எடுக்கப் போனேன். பல் டாக்டர் அங்கே இருந்தார். சாம்பல் நிற வண்டியைத் திரும்ப எடுத்துப்போக வந்திருந்தார்.

"நீங்கதானே கதை எழுதினவர்?"

"ஆமா மேடம். கதைதான்."

"நல்லா இருந்துச்சு. ஆனா நான் அவ்வளவு கத்தலை."

"கத்தலைதான். திருத்திடறேன்."

"அதெல்லாம் வேணாம், உட்காருங்க." பல் பிடுங்கும் நாற்காலியில் உட்காரச் சொல்வது போல் சொன்னார். உட்கார்ந்தேன்.

"படிச்சதும் ஒரு காரியம் பண்ணினேன். அவர் டிவி பார்த்துட்டு இருந்தார். பக்கத்துல உட்கார்ந்து, இடது பாதத்துல பேனா முனையை வச்சு அழுத்தினேன். அவர் பாட்டுக்கு டிவி பார்க்கிறார். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ம்ஹூம்."

"என்ன சொன்னார்?"

"நல்ல சீன் ஓடிட்டு இருந்துச்சாம். கவனிக்கலையாம்."

ஒர்க்‌ஷாப்புக்குள் யாரோ ஒரு எஞ்சினைக் கிளப்பினார்கள். அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"மூணு நாள் கழிச்சு நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். வர மாட்டேங்கறார். உங்க கதையைப் படிச்சுட்டு நான் பயந்துக்கறேனாம். நீங்க எதையாவது பார்த்துட்டு எழுதினீங்களா, இல்ல சும்மா எழுதினீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

யோசித்தேன். அன்று ஒர்க்‌ஷாப் வாசலில் ஏழாயிரம் வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்திருந்தேன். இடது முழங்காலுக்குக் கீழே பேன்ட்டைக் கையால் பிடித்து, காலைத் தூக்கி வெளியே வைத்தார். வீட்டில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியை எழுதும்போது அது ஞாபகத்தில் இல்லை. இவர் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆனால் நம் வண்டிகள் எவ்வளவு தாழ்வு என்று உங்களுக்குத் தெரியும். நானே கதவைப் பிடித்து, கூரையைப் பிடித்து, ஒரு முனகல் முனகித்தான் எழுந்து நிற்கிறேன். நம் வண்டியிலிருந்து இறங்கும்போது இருபத்தைந்து வயதுக்காரனும் தாத்தா மாதிரிதான் இருப்பான்.

இதை அப்படியே சொன்னேன்.

"அப்ப உங்களுக்கும் தெரியலை."

"தெரியலை மேடம்."

"அவருக்குப் புது வண்டி கூடாதுன்னு நான் சொல்லலை. எது வேணா வாங்கிக்கட்டும். இன்னிக்கு இடது கால். நாளைக்கு வலது கால்னா? அதுலதானே பிரேக்கு." பையிலிருந்து சாவியை எடுத்தார். "நான் சொன்னா கேக்க மாட்டார். ஆயில் எது ஊத்தறதுன்னுகூட உங்க ஆளுங்ககிட்டதான் கேப்பார். நீங்க எல்லாரும் சொன்னா வருவார்."

சாம்பல் நிற வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு போனார். கிளட்ச்சில் ஒரு உதறல்கூட இல்லை.

6

முடிவுகள்.

ஒன்று. புது வண்டி வருகிறது. ஏழாயிரம் தனியாக எடுத்துக்கொண்டு போகிறார். முதல் இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க வலது காலை —

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.

இரண்டு. டாக்டரிடம் போகிறார். நரம்பு எங்கோ அழுந்தியிருக்கிறது, சரி பண்ணிவிடலாம் என்கிறார் டாக்டர். எனக்கு இது வேண்டும். ஆனால் நான் எழுதுவதால் அவருடைய நரம்பு சரியாகிவிடாது.

மூன்று. டாக்டர் ஓட்ட வேண்டாம் என்கிறார். மனைவி ஓட்டுகிறார், அவர் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார். இது அழகாக இருக்கிறது என்று போனில் அவரிடமே படித்துக் காட்டினேன். "அவ ரெண்டாயிரத்துலயே கியர் மாத்திடுவா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல நான் டாக்டர்கிட்ட போன மாதிரி இருக்கே" என்றார்.

"போயிருக்கீங்க சார்."

"யாரைக் கேட்டு?"

7

இதைப் பதியப் போகிறேன் என்று இருவரிடமும் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். பல் டாக்டர் எழுதுங்கள் என்றார். ஒரு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதுவது என்று முடிவு செய்தேன். ஏழாயிரம் சார், கோபப்படுங்கள், பரவாயில்லை. கால் என் கற்பனை என்று எழுதச் சொன்னீர்கள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மற்றவர்களுக்கு. உங்களிடம் கேட்பது இதுதான். வண்டியில் குறை என்று நினைத்துப் பிரித்துப் பார்த்து, கடைசியில் குறை உங்கள் உடம்பில் இருந்திருந்தால் அதை எழுதுங்கள். கால் மரத்துப்போய் டாக்டரிடம் போனவர்கள், அங்கே என்ன சொன்னார்கள், அதற்குப் பிறகு ஓட்டுகிறீர்களா இல்லையா என்று எழுதுங்கள். ஓட்டவில்லை என்றாலும் மன்றத்துக்கு வருகிறீர்களா, வந்தால் உங்களை யாராவது குறைவாக நினைத்தார்களா என்பதையும் எழுதுங்கள். அவருக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் தலைமுறை வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். இன்று வண்டியிலிருந்து இறங்கும்போது இடது காலைக் கையால் தூக்கி வைக்கிறீர்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பொய் எழுத வேண்டாம். பல் டாக்டரும் படிக்கிறார்.

நாளை சாயங்காலத்துக்குள் பதில் போடுங்கள். நாளை மறுநாள் காலையில்தான் அவர்களுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.