சைலன்சரில் கை வைக்கக் கூடாது

எங்கள் படுக்கையறையிலிருந்து தெருவுக்குப் போக ஒரே வழி பட்டறைதான். பட்டறைக்கு நடுவே என் மாமனாரின் நாற்காலி. மூட்டுவலி வந்ததிலிருந்து அவர் அதை விட்டு எழுவது குறைவு. பால் வாங்கப் போனாலும் அவர் முழங்காலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்பார். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து அதற்குப் பதில் சொல்லியே எனக்கு நாக்கு தேய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை வேறு ஊரில் ஒரு தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர வேண்டும். அன்று போகாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். மாமா தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பட்டறையின் சட்டத்தை மட்டும் நினைவுபடுத்தினார்: கை வைத்த வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிக் காட்டாமல் யாரும் வேலையை விட்டுப் போகக் கூடாது.

நான் கை வைத்திருந்தது அவருடைய சொந்த மோட்டார் சைக்கிள். என்னைவிட வயதில் மூத்தது. துருப்பிடித்துக் கிடந்ததைப் பிரித்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, சைலன்சருக்குப் புது முலாம் பூசி நிறுத்தினேன். போன வாரம் ஒரே உதையில் கிளம்பவும் செய்தது. பிரேக் கம்பி மாட்டாததால் ஓட்டிப் பார்ப்பதை மறுநாளுக்குத் தள்ளினோம். அன்று சாப்பிடும்போது வேலை கிடைத்ததைச் சொன்னேன். மறுநாளிலிருந்து வண்டி பிணம்.

சனிக்கிழமை மதியமும் உதைத்துக்கொண்டிருந்தேன். பிளக்கில் நீலப்பொறி நன்றாக வந்தது. பெட்ரோல் இறங்கியது. பிளக் நனைந்தும் இருந்தது. உதைத்தால் ஒரு இருமல், அவ்வளவுதான். ஒரு தடவை கிக்கர் திரும்பி வந்து கணுக்காலில் அடித்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். மாமா நாற்காலியிலிருந்தே கார்புரேட்டரைக் கழற்று, பாயின்ட்டைத் தேய் என்று உத்தரவு போட்டார். பழைய வண்டி என்றால் இப்படித்தான் என்று நான் சலித்துக்கொண்டதும், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கிழவர்தான் எதையோ செய்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அங்கே போய்த் திரும்ப அவருக்கு வெகுநேரம் ஆகும்.

சைலன்சரில் மட்டும் வெறுங்கை வைக்கக் கூடாது, புது முலாமில் ரேகை விழும் என்பது அவர் கட்டளை. அந்தக் கோபத்தில் வேண்டுமென்றே அதன் வாயில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, மறு கையால் கிக்கரை அமுக்கினேன். கையில் காற்றே படவில்லை. எஞ்சின் இழுத்த மூச்சை வெளியே விட வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த நோய்தான்.

கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தேன். இறுக்கிச் சுருட்டிய துணி வந்தது. சாம்பல் நிற முரட்டுத்துணி. பின்னறையில் என் மனைவி வண்டி சீட்டுகளுக்கு உள்ளே வைத்துத் தைப்பது.

பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. அவள் கதவருகே வந்து நின்றாள்.

"அப்பா மேல கோவப்படாதீங்க. நான்தான் வச்சேன்."

அவர் சொல்லி வைத்தாயா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவே தெரியாது என்றாள்.

"அப்புறம் ஏன்?"

"வேலை கிடைச்சிருச்சு, போறோம்னு சொன்னீங்க. நீ வர்றியான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? எத்தனை பேர் என்னைத் தேடி வந்து சீட்டு தைச்சு வாங்கிட்டுப் போறாங்க. அங்க நான் போய் என்ன செய்யறது?"

கத்த வேண்டும் என்றுதான் வந்தது. ஆனால் கேட்கவில்லை என்பது உண்மை. வேலைக்கு எழுதிப் போட்டதைக்கூட அவளிடம் சொல்லவில்லை.

கொல்லைக்கதவு கிறீச்சிட்டது. அவள் துணியை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டாள். மாமா வருவதற்குள் உதைத்தேன். முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. பட்டறைச் சுவரெல்லாம் அதிர்ந்தது.

மாமா சுவரோரமாகவே நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது. எந்த நோய் என்றுகூடக் கேட்கவில்லை. தள்ளாடி வந்து, தன் நாற்காலியைத் தானே இழுத்து ஓரமாகப் போட்டார். வாசல் வரை வழி திறந்தது. நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பார்க்காத காட்சி.

"போயிட்டு வாங்க மாப்பிள்ளை. ரெண்டு பேருமா போங்க."

நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் அசையவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

மறுபடியும் நின்றுவிட்டதா என்று மாமா பதறினார்.

"இல்ல மாமா. நான்தான் நிறுத்தினேன்."

அவள் பக்கம் திரும்பி, "நீ வர்றியா?" என்று கேட்டேன்.

அவள் மடித்த துணியோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தையல் மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. எதிரே தெருக்கதவு திறந்து கிடந்தது, குறுக்கே ஒரு நாற்காலிகூட இல்லை. நான் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன்.