உப்புக்குள் கிடந்த துவக்கு

அறிவித்தல் வானொலியில் வந்ததா, பத்திரிகையில் வந்ததா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மழைக்காலம் என்று ஞாபகம். அதுவும் பிழையாக இருக்கலாம். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் என்பது மட்டும் உறுதி. லைசென்ஸ் உள்ள துவக்குகளையும் பொலிஸில் ஒப்படைக்கவேண்டும் என்றார்கள். வெள்ளவத்தை முத்துலிங்கத்துக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற நீர்ப்பாசன ஓவசியர். வவுனியாக் காட்டில் குளம் திருத்திய காலத்தில் யானைக்குப் பயந்து வாங்கிய துவக்கு அது. ஒருநாளும் எதையும் சுட்டதில்லை. கலவரத்தன்று அதைப் பாயில் சுற்றிக்கொண்டு, மனைவி பத்மாவதியோடு பின்மதில் ஏறி, அயல்வீட்டு மஜீட்டின் வளவுக்குள் குதித்தார். அவர்களுடைய வீடு எரிந்தது. மஜீட் இருவரையும் தன் வீட்டு உள்ளறையில் ஒளித்து வைத்தார். அவர் புறக்கோட்டையில் கருவாட்டு மொத்த வியாபாரி. ஊரடங்கு தளர்ந்ததும் துவக்கைத் தன் கடைக்குக் கொண்டுபோய், உப்புக் கருவாட்டு மூட்டைகளுக்குள் செருகிவிட்டார்.

“அதுக்குள்ள எவனும் கைய வெக்க மாட்டான், ஓவசியர். வெச்சா, பொண்டாட்டி அவன வீட்டுக்குள்ள எடுக்க மாட்டா.”

அந்த மாதத்தில் முத்துலிங்கம் சிரித்தது அந்த ஒருமுறைதான். பிறகு எரிந்த வீட்டின் முன்னறையைத் திருத்திக் குடிபுகுந்தார்கள். துவக்கைப் பற்றி அவரும் மஜீட்டும் கதைக்கவே இல்லை.

இப்போது மஜீட் அதைச் சாக்கோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். சாக்கை விரித்தார். குழல் முழுவதும் கறள், மரப்பட்டை போல. வாழ்நாளெல்லாம் மதகுக் கதவுகளுக்குக் கிறீஸ் பூசுவித்த மனிதருக்கு உப்பு இரும்பைத் தின்னும் என்பது தெரியாததல்ல. உயிர் தப்பிய நாட்களில் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மஜீட் போனபின் அவர் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தார். குழலின் அடியில் இலக்கம் பொறித்த இடம் மங்கலாகத் தெரிந்தது. லைசென்ஸிலுள்ள இலக்கத்தோடு ஒத்துப்போனால்தான் அது அவருடைய துவக்கு. இன்னும் கொஞ்சம் தெளிவாகட்டும் என்று அரத்தாளால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க இரும்பு பளபளத்தது. இலக்கம் இல்லை.

பத்மாவதி குனிந்து பார்த்தாள். “வேணுமெண்டு அராவின மாதிரியல்லோ கிடக்குது.”

அவர் துவக்கைத் திரும்பவும் சாக்கில் சுற்றினார்.

“கடலிலை எறிஞ்சுபோட்டு வாங்கோ.”

“எறிஞ்சால், துவக்கை எந்த இயக்கத்துக்குக் குடுத்தனீர் எண்டு கேப்பாங்கள்.”

“அப்ப நடந்ததைச் சொல்லுங்கோவன். மஜீட் நாநா தானே வைச்சிருந்தவர்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அடுத்தவருடைய துவக்கை ஒளித்து வைத்திருந்தவரைப் பொலிஸார் சும்மா விடுவார்களா? பத்மாவதி போய் விளக்கை ஏற்றினாள். இருட்டியபின் மதிலுக்கு அப்பால் நின்று மஜீட்டே சொன்னார்: “என்ட பேரச் சொல்லுங்க, ஓவசியர். நான் பாத்துக்கொள்றன்.” முத்துலிங்கம் தலையை ஆட்டினார். அது ஆமா, இல்லையா என்று மஜீட்டுக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை அவர் தனியாகப் போனார். பொலிஸ் அதிகாரி குழலைத் திருப்பி, பளபளத்த இடத்தை விரலால் தடவினார்.

“நம்பரே கோ?” இலக்கம் எங்கே என்று கேட்டார்.

கறள் தின்றுவிட்டது என்று முத்துலிங்கம் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். அதிகாரி துவக்கை மூக்கருகே கொண்டுபோய், கருவாட்டு வாடைக்கு முகம் சுளித்தார். எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். வீட்டுக் குசினியில் என்றார் இவர்.

லைசென்ஸிலிருந்த விலாசத்தைப் பார்த்து, இந்த வீடு போன வருடம் எரிந்ததல்லவா என்றார் அதிகாரி. துவக்கின் மரப்பிடியில் கருகலே இல்லையே.

முத்துலிங்கத்துக்கு அதற்கு ஒரு பதில் இருந்தது, ஒரேயொரு பெயர். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி திரும்பவும் கேட்டார். பிறகு உரக்கக் கேட்டார். பின்னாலிருந்த கதவைத் திறக்கச் சொன்னார்.

முத்துலிங்கம் வழக்கு இல்லாமலே சில வருடங்கள் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. வந்த வருடமே இறந்தார். பத்மாவதி வவுனியாவில் தங்கையிடம் போய், இடம்பெயர்ந்தோர் முகாமொன்றில் காலமானாள். மஜீட் கடையை விற்றுவிட்டு, பின்மதிலை உயர்த்திக் கட்டினார். அந்தப் பக்கத்து யன்னலை அவர் சாகும்வரை திறக்கவில்லை. துவக்கு என்னவானது என்று தெரியாது.