ஜோஸ்மி எடுக்காத அழைப்பு

தீர்ப்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அமீரகத்து அல் ஐனில் எங்கள் ரூமில் வைத்து ரெனீஷின் பையைக் கட்டினோம். தண்டனை முடிந்தால் ரூமுக்கு விடமாட்டார்கள். சிறையிலிருந்து நேரே விமான நிலையம்தான். அதனால் ஊருக்குப் போகிற பையை முன்கூட்டியே கட்டி வைப்பது எங்கள் வழக்கம். நல்ல சட்டை ஒன்று, பேன்ட், செருப்பு, பிள்ளைக்கு ஒரு கவுன். பையை என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

புதிதாக வந்த ஒருவனுக்கு ரெனீஷ் தன் அடையாள அட்டையைக் கொடுத்து சிம் வாங்கித் தந்திருந்தான். அவன் அந்த சிம்மிலிருந்து பேங்க் ஆபீசர் போலப் பேசிப் பலரை ஏமாற்றிவிட்டு ஊருக்குப் பறந்தான். சிம் ரெனீஷ் பெயரில் இருந்ததால் போலீஸ் இவனைப் பிடித்தது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஜாமீனில் விட்டிருந்தார்கள்.

"ஜோஸ்மிட்ட சொன்னியா மக்கா?" என்று கேட்டேன். ஜோஸ்மி அவன் மனைவி, குளச்சலில் இருக்கிறாள்.

"எத்தன மாசம்னு தெரிஞ்ச பெறவு நானே சொல்லுவேன். வேற ஆளு வாயால கேட்டா அவ தாங்கமாட்டா. நீ வாயத் தெறக்காத."

"உள்ள போனா செல்போன வாங்கிருவான். அவ நம்பர் மனப்பாடமா தெரியுமாலேய்?"

தெரியவில்லை. கல்யாணமான நாள் முதல் போனில் அவள் பெயரைத் தொட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறான். விசா முடிந்த வழக்கில் நானும் சில நாள் உள்ளே இருந்து, அபராதம் கட்டி வெளியே வந்தவன். நம்பர் தெரியாமல் சிறைப் போன் முன்னால் நின்று விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். மனதில் நிற்கவில்லை. கடைசியில் சர்ச்சில் பாடும் மாதா மன்றாட்டு மாலை ராகத்தில் பாடிப் பார்த்தான், நின்றுவிட்டது.

"முடிவுல ஆமென் சொல்லிராத மாப்ள, போன் போவாது," என்றான் மேல்கட்டில் ராக்கப்பன்.

செவ்வாய்க்கிழமை ஆறு மாதம் என்று தீர்ப்பாகி, கோர்ட்டிலிருந்தே சிறைக்குக் கொண்டுபோனார்கள். பாலைவன சைட்டுக்குப் போகிறேன், டவர் இருக்காது என்று ஜோஸ்மியிடம் அவன் முன்பே சொல்லி வைத்திருந்தான்.

அடுத்த வாரம் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"செல்வசிங் அண்ணே, ஏதோ வெளிநாட்டு நம்பர்லேந்து அடிச்சிட்டே கெடந்துது. நான் எடுக்கல்ல. தெரியாத நம்பர எடுத்திராத, கள்ளப் பயலுவ பேசுவானுவன்னு அவிய சொல்லியிருக்காவல்லா. பிளாக் பண்ணிட்டேன்."

குரலில் பெருமை இருந்தது. வழக்கு வந்த அன்று ரெனீஷ் அப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். சிறைப் போனும் அவளுக்குத் தெரியாத நம்பர்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"அந்த பிளாக்க எடும்மா. இனி அடிச்சா பேசு."

"யாரு அண்ணே அது?"

"பேசிப் பாரு."

போனில் அவளுக்குப் பின்னால் பிள்ளை அழுதது.

"சைட்டுன்னு சொன்னது பொய்யா?"

"அவன்ட்ட கேளு. நான் சொல்லக்கூடாது."

"உசிரோட இருக்காவளா?"

"நல்லா இருக்கான்."

"அது போதும்," என்று வைத்துவிட்டாள்.

சில நாள் கழித்து மறுபடி அவள் கூப்பிட்டாள். அவன் பேசியிருந்தான்.

"மொதல்ல நல்லா ஏசினேன் அண்ணே. பெறவு ரெண்டு பேரும் அழுதோம். ஆறு மாசம்லா? பைக்குள்ள பிள்ளைக்கு கவுன் வச்சிருக்குன்னு சொன்னாவ, அது எத்தன வயசுக்கு உள்ளது?"

"ஒரு வயசு."

"அவிய வரும்போ அது பத்தாது. பெருசா ஒண்ணு வாங்கி மாத்தி வையுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கடைக்குப் போய் மாற்றி வைத்தேன்.